பம்பரைக் கழற்றிய மத்தியானம்

என் வீட்டுக்காரர் மனுவேலுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஏற்காட்டு டாக்சி ஸ்டாண்டிலேயே வயதில் மூத்த அம்பாசடர் தன்னுடையது என்பது ஒன்று. அந்த அம்பாசடர் பின்னால் போகும்போது பாட்டுப் பாடும் என்பது இன்னொன்று. முதலாவதற்கு வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். இரண்டாவதற்கு நான் வெட்கப்பட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேலத்துக் கடைகளில் ரிவர்ஸ் ஹாரன் என்று ஒன்று வந்து இறங்கியது. ரிவர்ஸ் கியர் போட்டால் போதும், காரின் வால் பக்கத்திலிருந்து கீச்சுக் குரலில் ஒரு குழந்தைப் பாட்டு மெட்டு கிளம்பிவிடும். பின்னால் நிற்பவர்கள் விலக வேண்டும் என்பதற்காகச் செய்த சாமான் அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து காருக்குப் பின்னால்தான் நிற்பார்கள். யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்களோ என்று இவர் அதைப் பின் பம்பருக்கு உள்பக்கமாக வைத்து முடுக்கச் சொல்லியிருந்தார். பம்பரைக் கழற்றாமல் அதன் பக்கத்தில்கூடக் கை போகாது.

வாழவந்தியில் ரைட்டர் தேவசிகாமணி இறந்துபோனார். எஸ்டேட்டில் என் மாமனார் காலத்திலிருந்து கணக்கெழுதிய மனிதர். சவப்பெட்டியைக் காரின் மேல் கேரியரில் கட்டி ஏற்காட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவர் மகன் ஜேசுதாஸ் ஆள் அனுப்பியிருந்தான். மூன்று மணிக்குப் பூசை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் புறப்பட்டோம். நானும் போனேன், ஏனென்றால் எங்கள் காரில் நான்தான் க்ளீனர். அந்தக் காருக்கு ஹேண்ட் பிரேக் என்பது பேருக்குத்தான். மேட்டில் நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு, இறங்கி ஓடிச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைக்க வேண்டும். மலையில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். மற்றவர்கள் அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். இவர் என்னைக் கட்டியிருந்தார்.

எனக்குப் பயம் ஜாஸ்தி. அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்தும், வளைவில் கார் திரும்பும்போது சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுகிறவள் நான். இவர் பக்கத்தில் சிரிப்பார். அன்றைக்குப் பனி வேறு. காப்பித் தோட்டத்திலிருந்து எழுந்து வந்து ரோட்டை மூடிக்கொண்டது. பிரேக்கும் சரியில்லை. பெடலை மிதித்துப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் மெல்லக் கீழே இறங்கும், காலை எடுத்து மறுபடி மிதித்தால்தான் பிடிக்கும். இதையெல்லாம் சரி செய்ய இவருக்கு நேரம் கிடைக்காது. பாட்டுப் பெட்டி மாட்ட மட்டும் சேலம் போக நேரம் கிடைத்தது.

வாழவந்திக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது திடீரென்று வண்டியை மெதுவாக்கினார்.

“லூர்து, ரைட்டர் ஊட்டுச் சந்துல முன்னால போனா திருப்ப முடியாதில்ல?”

“முடியாதுங்க. ரிவர்ஸ்லதான் உள்ள போகோணும்.”

சொல்லி முடிக்கும்போதே எனக்கும் உறைத்தது. சந்து நெடுக அழுதுகொண்டு நிற்கும் ஜனங்களுக்கு நடுவே இந்தக் கார் குழந்தைப் பாட்டைப் பாடிக்கொண்டு பின்பக்கமாக நுழையும். நினைக்கவே உடம்பு கூசியது.

“ஒயர வெட்டி உட்டுருங்க,” என்றேன்.

“என்ற கார்ல கத்தி படாது.”

“அப்ப ஃப்யூசப் புடுங்குங்க.”

“பிரேக் லைட்டும் சேந்து போயிரும். இந்தப் பனியில பெட்டிய வெச்சுக்கிட்டு லைட்டில்லாம எறங்கச் சொல்றியா? பம்பரக் கழட்டி, ஹாரன் ஒயர மட்டும் பிரிச்சுக்கறேன். காமணி நேரம்.”

அந்த இடத்தில் மலைப்பக்கம் ரோட்டோரமாக ஒரு ஆழமான வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மண் சரியாமல் இருக்கக் கட்டிய கருங்கல் சுவர். இவர் என்ன செய்தார் என்றால், காரின் மூக்கு மேட்டைப் பார்க்க, வால் வாய்க்காலுக்கு மேல் நீட்டிக்கொண்டு இருக்கும்படி ரோட்டுக்குக் கோணலாக ஏற்றி நிறுத்தினார். தண்ணீர் இல்லாத வாய்க்காலில் இறங்கிப் படுத்துக்கொண்டால் பம்பர் நேராக முகத்துக்கு மேலே வரும், ஜாக்கி போட வேண்டாம். கெட்டிக்காரத்தனம்தான். முதல் கியரில் போட்டு, கல்லையும் அவரே தேடி வந்து வைத்தார், பின் சக்கரம் இரண்டுக்கும். வாய்க்காலின் விளிம்பில், ஈர மண்மேல்.

“கல்லு நிக்குமுங்களா?”

“உனக்கு எப்பப் பாரு இதே பேச்சு,” என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் இவர் அடியில் படுத்து வேலை பார்க்கும்போதெல்லாம் மேலே உட்கார்ந்து “மிதி, உடு” என்றதைச் செய்து பழக்கம். பெடல் எட்டாது, சீட்டின் நுனிக்கு வந்துதான் மிதிக்க வேண்டும். பின்னாலிருந்து துருப்பிடித்த போல்ட்டைத் திட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. இடது பக்கத்து போல்ட்டுகள் கழன்று பம்பரின் ஒரு முனை தொங்கியது எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது.

“ரெண்டு ஒயரையும் ஒண்ணா சுத்தி வெச்சிருக்கான் பாவி,” என்று கத்தினார். “எது ஹாரன்னு பாக்கோணும். சாவியப் போட்டு ரிவர்ஸ் போடு.”

பிரேக்கையும் கிளச்சையும் அழுத்திக்கொண்டு முதல் கியரிலிருந்து எடுத்தேன். எடுத்த உடனே காரின் கனம் முழுவதும் அந்தக் கற்கள்மேல் போய் உட்கார்ந்தது. ரிவர்சில் போட்டேன். பாட்டுக் கிளம்பியது. அதே நேரத்தில் சீட்டுக்கு அடியில் ஏதோ நழுவியது. நழுவியது கார். ஒரு கல் விளிம்பிலிருந்து சறுக்கி வாய்க்காலுக்குள் விழுந்த சத்தமும், இவர் அலறிய சத்தமும் பாட்டையும் மீறிக் கேட்டன.

“சாவிய நிறுத்து. கிளச்ச உடு, கிளச்ச உடு.”

சாவியைத் திருப்பினேன். கிளச்சிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கின் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றேன் என்றே சொல்ல வேண்டும். கார் நின்றது. பாட்டும் நின்றது. பனிக்குள் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

“ஏனுங்க?”

வாய்க்காலுக்குள் அவர் காலை உதைக்கும் சத்தம் கேட்டது.

“பம்பரோட இரும்பு தோளுல ஏறி உக்காந்திருக்குது. சொவத்தோட வெச்சு அழுத்துது. நகர முடியல.”

“நான் எறங்கி வரட்டுங்களா?”

“கால எடுக்காத.”

கேட்கும்போதே குதிகால் கொஞ்சம் தளர்ந்துவிட்டது போலிருக்கிறது. காருக்குள் எங்கோ ‘டிக்’ என்று ஒரு சத்தம். கார் ஒரு விரற்கடை பின்னால் போய் நின்றது. பின்னாலிருந்து வந்த முனகல் மனுஷன் குரல் மாதிரியே இல்லை.

அந்த ‘டிக்’ எனக்குத் தெரியும். எங்கள் கார் எஞ்சின் தேய்ந்துபோனது. புது எஞ்சின் என்றால் கியரில் போட்டுவிட்டால் காரை அப்படியே பிடித்து நிறுத்தும். எங்களுடையது பிடிக்கும், அப்புறம் களைத்துப்போய் ஒரு சுற்று விட்டுக்கொடுக்கும், மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு தடவை விட்டுக்கொடுக்கும்போதும் அந்த இரும்பு என் புருஷனின் தோளுக்குள் கொஞ்சம் கூட இறங்கும். பின் சக்கரம் விளிம்பைத் தாண்டிவிட்டால் முழுக் காரும் அவர்மேல். கல் இருந்த இடத்தில் இப்போது அவர் இருந்தார்.

சாதாரண ஹாரனை அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன். கீழ் வளைவில் ஏதோ ஒரு லாரி பதிலுக்கு ஹாரன் அடித்துவிட்டுத் தன் வழியில் போனது. மலையில் அதுதான் மரியாதை. ஒருவன் அடித்தால் எதிரே வருகிறவன் அடிப்பான், அவ்வளவுதான். ஹாரன் கேட்டு உதவிக்கு ஓடி வர வேண்டும் என்றால் எங்கள் ரோட்டில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். கத்தினேன். பனி என் குரலைத் தின்றுவிட்டது. பஸ் சாயந்திரத்துக்கு முன்னால் கிடையாது.

“லூர்து.”

“சொல்லுங்க.”

“பேசிக்கிட்டே இரு. எனக்குத் தூக்கம் வருது.”

தூக்கம் என்றதும் சீட்டின் நுனிக்கு இன்னும் நகர்ந்து பெடலை இறுக்கி மிதித்தேன். பேசினேன். பிரேக்கைச் சரி பண்ணாததற்குத் திட்டினேன். கல்லை விளிம்பில் வைத்ததற்குத் திட்டினேன். பதினாறு வருஷத்தில் திட்டாமல் விட்டதையெல்லாம் திட்டினேன். அவர் “ம்” போட்டுக்கொண்டு வந்தார். பெடல் என் காலுக்கடியில் இறங்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் அந்த “ம்” இடைவெளி விட்டு வந்தது.

என் கண்ணுக்கு முன்னால் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கார் ரிவர்ஸ் கியரில்தான் இருந்தது. சாவியைத் திருப்பினால் பாட்டு வரும். அந்தக் கீச்சுக் குரல் பனியைக் கிழித்துக்கொண்டு வாழவந்தி வரைக்கும் போகும் என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்டு எத்தனை தடவை காதைப் பொத்தியிருக்கிறேன்.

“ஏனுங்க, சாவியப் போடட்டுங்களா? பாட்டுக் கேட்டா யாராவது வருவாங்க.”

“வேண்டாம்.” குரல் உடனே வந்தது, பயத்தோடு வந்தது. “சாவி போட்டுட்டு வண்டி நகந்துச்சுன்னா எஞ்சின் ஸ்டார்ட் ஆயிரும். வேண்டாம் புள்ள.”

அவர் சொன்னது சரிதான். பாட்டரி இறங்கிப்போனால் மலைக்காரர்கள் காரைச் சரிவில் உருட்டித்தான் ஸ்டார்ட் செய்வார்கள். மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியரில் பின்பக்கமாக உருட்டுவார்கள். சாவி போட்டிருந்தால் போதும், ஒரு முழம் உருண்டதும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும். இப்போது கார் அப்படியே அந்த நிலையில்தான் நின்றது. சாவி போட்ட பிறகு இன்னொரு ‘டிக்’ வந்தால், எஞ்சினே காரைப் பின்னால் தள்ளும். கிளச்சை மிதித்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, ஆனால் கியரின் பிடியும் போய்விடும், மிச்சம் இருப்பது என் கால் மட்டும். கியரை மாற்றலாம் என்றால் மாற்றுகிற நேரத்தில் காரைப் பிடிக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. பாட்டுப் போட்டுவிட்டால் அவர் குரல் எனக்குக் கேட்காது. அந்த “ம்” ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் உட்கார்ந்திருந்தேன்.

“ஏனுங்க.”

“ம்.”

“ஏனுங்க.”

வரவில்லை. எண்ணிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். ரொம்ப நேரம் கழித்து எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒன்று வந்தது. அது பதிலா, வெறும் மூச்சா தெரியவில்லை.

சாவியைத் திருப்பினேன்.

அந்தப் பாட்டை நான் வாழ்நாளில் அவ்வளவு வெறுத்ததில்லை. முடிகிற இடத்தில் ஒரு விநாடி நிற்கும். அந்த ஒரு விநாடியில் காதை வைத்துக் கேட்பேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். கீழே அவர் உயிரோடு இருக்கிறாரா, வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிறாரா, எதுவும் தெரியாது. நான் வாய்விட்டு அருள் நிறை மரியே சொன்னேன். என் குரலும் எனக்குக் கேட்கவில்லை. பெடல் தரையைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. தரையைத் தொட்டுவிட்டால் பிரேக் என்பதே இல்லை. காலை எடுத்து மறுபடி மிதித்தே ஆக வேண்டும். எடுக்கிற அந்தக் கண நேரத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்தே எடுக்க வேண்டும்.

எடுத்தேன். மிதித்தேன்.

‘டிக்’ இல்லை இந்தத் தடவை. எஞ்சின் ‘டுப்’ என்று ஒரு இருமல் இருமியது. கார் முழுவதையும் ஒரு உலுக்கு உலுக்கியது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. கார் நின்றது. பாட்டு மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி பாடிக்கொண்டிருந்தது.

அடுத்த தடவை பெடல் இறங்கும்போது இதைச் செய்ய என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அது இறங்கிக்கொண்டிருந்தது.

பனிக்குள்ளிருந்து முதலில் வந்தவன் ஜேசுதாஸ். அப்பாவுக்கு அழுது சிவந்த கண்ணோடு, மடித்துக் கட்டிய வேட்டியோடு, மேட்டிலிருந்து ஓடி வந்தான். அவன் பின்னால் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் சின்னனும் இன்னும் நாலைந்து பேரும். உதவிக்கு வருகிற முகம் ஒன்றுகூட இல்லை. அடிக்க வருகிற முகங்கள்.

“சாவு ஊட்ட உட்டுப்போட்டுப் பாதி வழியில திருப்பிக்கிட்டுப் போறியா?” என்று ஜேசுதாஸ் கத்துவது கார்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் காதில் விழுந்தது. “உன்ற கார்ப் பாட்டு இத்தன நேரமாக் கேக்குது, ஊரே வாசல்ல நின்னு கேக்குது. எங்கப்பன எதுல கொண்டு போறதாம்?”

ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தவன் என்னைக் கண்டதும் நின்றுவிட்டான். பின்பக்கம் தலையை மட்டும் ஆட்டினேன். சின்னன் போய்ப் பார்த்தான். “ஐயோ சாமி” என்ற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் எல்லோரும் பின்னால் ஓடினார்கள். யாரோ கல்லை உருட்டினார்கள். யாரோ ஒரு கை ஜன்னல் வழியாக நுழைந்து சாவியைத் திருப்பியது. பாட்டு நின்றது.

நான் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, பதில் வராமல் போனால் என்ன செய்வேன்? பின்னால் “தூக்கு, தூக்கு, இன்னும் கொஞ்சம்” என்று மூச்சு வாங்கும் சத்தம். காரின் வால் ஒரு சாண் எழும்பியது. பம்பர் கழன்று கல்மேல் விழுந்து உருண்டது. எதையோ இழுத்துப் போட்டார்கள். நான் முன்கண்ணாடியில் படிந்திருந்த பனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தண்ணி இருந்தாக் குடுங்கப்பா,” என்றது ஒரு குரல். யாருடையது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இரண்டு பேர் தாங்கிக்கொண்டு அவரைக் கதவுப் பக்கம் கொண்டு வந்தார்கள். இடது தோள் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. சட்டை முழுவதும் ரத்தமும் சேறும். உதடு வெளுத்திருந்தது.

“வேண்டாம்னு சொன்னனில்ல,” என்றார். “ஏன் சாவி போட்ட?”

“உங்க பேச்சக் கேட்டிருந்தா ரைட்டர் பெட்டிக்குப் பக்கத்துல இன்னொரு பெட்டி வெச்சிருப்பாங்க,” என்றேன். என் குரல் தகரம் மாதிரி இருந்தது.

“அக்கா, எறங்குங்க. நாலு பக்கமும் கல்லு வெச்சாச்சு,” என்றான் சின்னன்.

நான் இறங்கவில்லை. இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கவில்லை. பிரேக்கின் மேல் இருந்த கால் வரவில்லை. எடு என்று நான் சொல்கிறேன், அது கேட்கவில்லை. புருஷன் கண்ணெதிரே நிற்கிறார், என் கண் பார்க்கிறது. காலுக்கு மட்டும் அவர் இன்னும் காருக்கு அடியில் இருந்தார்.

“லூர்து, கீழ யாரும் இல்ல,” என்றார்.

“தெரியுதுங்க.”

“கால எடு.”

“முடியலீங்க.”

தாங்கியவர்களை விலகச் சொன்னார். கதவைத் திறந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ரோட்டிலேயே மண்டி போட்டு உட்கார்ந்தார். வலது கையை உள்ளே விட்டு என் கணுக்காலைப் பிடித்தார். கை ஐஸாக இருந்தது.

“நான்தான் கண்ணு,” என்று சொல்லி, காலைப் பெடலிலிருந்து மெல்லத் தூக்கி எடுத்தார்.

பெடல் தானாக மேலே எழும்பி வந்தது. கார் நகர்கிறதா என்று பார்த்தேன். நகரவில்லை. அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.